வாடிய கொழுந்தும் வாடாத பண்டிதரும்

நெகிழ்ச்சி என்றால் தளர்ச்சி என்று எண்ணுவோர் பலர். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைப் பூண்டுலோயாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அசைத்துவிட்டது.

மாணாக்கரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். மலையிலிருந்து வந்திறங்கும் பச்சைக் கொழுந்தை உடனே அரைப்பதில்லை. நீண்ட தட்டுகளிற் பரப்பிப் பல மணிநேரம் காற்றில் வாடவிடுகின்றனர். ஈரம் வற்றி இலை துவண்ட பின்னரே அதனை உருட்டும் பொறியில் இடுவர். வாடாத இலையை இட்டால் முறுக்கேறாது, நொறுங்கிப்போகும். விறைப்பே அதன் குற்றம்.

அதே வாரம் ஒரு மாணவியின் கட்டுரையைத் திருத்தினேன். தன் தாய் விடியலிற் பெரட்டுக்குப் போவதை எழுதியிருந்தாள். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்குத் தோட்டத்தார் வழங்கும் பெயர் அது. ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. சிவப்பு மையால் அடித்து, ‘வருகைப் பதிவு’ என்று எழுதினேன்.

“இத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும் சேர். நீங்க எழுதினது அவங்களுக்கு வெளங்காதே” என்றாள்.

விடையின்றி நின்றேன். பண்டிதனுக்கு அது புதிய அனுபவம்!

விடையோ யான் நாள்தோறும் கற்பிக்கும் நூல்களிலேயே இருந்தது. தொல்காப்பியர் திசைச்சொல்லுக்குச் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களைக் கூறினார். பின்வந்த பவணந்தியார் நன்னூலில், தமிழ் வழங்காத பிற நிலங்களின் சொற்களுக்கும் இடமளித்தார். இலக்கணஞ் செய்தவரே இவ்வளவு நெகிழ்ந்திருக்க, அதனைக் கற்பிக்கும் நாம் விறைத்து நிற்பதேன்?

நெகிழ்ச்சியை நாம் எவரிடம் கேட்கிறோம் என்பதையும் எண்ணவேண்டும். 1948 இன் சட்டத்தால் நாடற்றோராகி, 1964 இன் உடன்படிக்கையால் கடலின் இரு கரைக்கும் பங்கிடப்பட்ட மக்கள் இவர்கள். வளைந்து வளைந்தே வாழ்ந்தவர்தம் பிள்ளைகளிடம், “உன் தாயின் சொல்லையும் விட்டுவிடு” என்கிறோம். இவ்வூருக்கு அண்மையில் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் கையிலும் என் சிவப்பு மை இருந்திருப்பின், அவற்றில் எஞ்சுவது எதுவோ?

பரீட்சையிற் புள்ளி குறையுமே என்பார் நண்பர். மெய்தான். ஆகவே மாறவேண்டியவர் எழுதும் பிள்ளையல்லர்; திருத்தும் நாமே.

அம்மாணவியின் ஏட்டைத் திரும்ப வாங்கினேன். யான் அடித்த கோட்டின்மேல் ‘பெரட்டு’ என்று மீண்டும் எழுதி, ஓரத்தில் ‘திசைச்சொல்’ என்று குறித்துக் கொடுத்தேன்.