குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள். விடிகாலை ஐந்தேகால் மணி. எங்கள் குடியிருப்பின் கீழ்க் கூடத்தில் ஒரு குத்துவிளக்கு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள். திருப்பாவை சொல்ல உட்கார்ந்தவர்கள் ஒரு பாசுரம்கூடச் சொல்லாமல், சண்டை போட்டுக் கொண்டு எழுந்தோம் என்றால் நம்புவீர்களா? அதில் பெரிய குரல் யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள். சரி, கேட்டு விட்டீர்கள். என்னுடையதுதான்!

விஷயம் இதுதான். பிரபந்தம் சொல்வதற்கு முன்னால் ஆசாரியரை வணங்கி ஒரு தனியன் சொல்வது வைஷ்ணவ சம்பிரதாயம். தென்கலையார் மணவாள மாமுனிகளைப் போற்றும் தனியனைச் சொல்வார்கள். வடகலையார் வேதாந்த தேசிகரைப் போற்றும் தனியனைச் சொல்வார்கள். எங்கள் கோஷ்டியை ஆரம்பித்து வைத்தவர் தென்கலை மாமி. அதனால் அந்தத் தனியன்தான் வழக்கம். வடகலைப் பெண்கள் தங்களுடையதை மனசுக்குள் முணுமுணுத்துக் கொள்வார்கள். ஒரு தகராறும் இல்லை.

அந்த வருஷம் புதிதாக ஒரு மாமி குடிவந்தார். கூடவே மருமகள், ஐந்து மாதக் குழந்தையோடு. மூன்றாம் நாள் மாமி, "இன்னிக்கு ஒரு நாள் எங்காத்துத் தனியனைச் சொல்லி ஆரம்பிக்கலாமே" என்றார். "வழக்கத்தை மாத்த வேண்டாமே" என்றார் ஒருவர். "ஏன், தேசிகன் பேரைச் சொன்னா வாய் வலிக்குமா?" என்றார் மாமி. உடனே நான், "சேவிக்க வந்தா சேவிச்சுட்டுப் போகணும். இது ஒண்ணும் உங்காத்துக் கூடம் இல்லை!" என்றேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பிறந்தது தென்கலை, வாழ்க்கைப்பட்டது வடகலை. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் தினமும் கேட்பது தேசிகர் தனியன்தான். அப்படிப்பட்டவள் வாயில் அந்த வார்த்தை எங்கிருந்துதான் வந்ததோ!

மறுநாள் மாமி வரவில்லை. மருமகளும் வரவில்லை. மாமி வராதது எனக்குப் பெரிதாகப் படவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பெண் வராததுதான் உறுத்தியது. தலைச்சன் பிரசவம், ராத்திரியெல்லாம் தூக்கம் கிடையாது, கணவனுக்கு வெளியூரில் வேலை, புது ஊர். "மாமி, இந்த அரைமணிதான் நான் நாலு மனுஷாளைப் பாக்கறேன்" என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மனுஷ முகம் எவ்வளவு பெரிய மருந்து என்று இந்தப் பத்திரிகை வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்த மருந்தைத் தட்டி விட்டது என் நாக்கு.

வைஷ்ணவ வீடுகளில் பழகாத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் விளக்கி விடுகிறேன். இரண்டு கலைக்கும் ராமானுஜர்தான் பெரியவர். தத்துவம் ஒன்றே, விசிஷ்டாத்வைதம். ஆழ்வார் பாசுரமும் வேண்டும், வடமொழி வேதாந்தமும் வேண்டும் என்பதில் இருவருக்கும் சம்மதம். பின்னே பேதம் எங்கே? பகவானின் அருளைப் பெற நாம் ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பதில். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்கிறது, தாய் தாவுகிறாள். அதுபோல ஜீவனும் சரணாகதி என்று ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்பது வடகலை. பூனைக் குட்டி ஒன்றுமே செய்வதில்லை. தாயே வாயால் கவ்வித் தூக்கிப் போகிறாள். அதுபோல அவனே தூக்கிக் கொள்வான், தடுக்காமல் இருந்தால் போதும் என்பது தென்கலை. தாயார் விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. மகாலட்சுமி நமக்காகப் பெருமாளிடம் சிபாரிசு செய்பவள் என்பதில் இரு தரப்பும் ஒன்று. மோட்சம் தருவதில் அவளுக்கும் பெருமாளோடு சமபங்கு உண்டு என்று வடகலையார் கூடுதலாகச் சொல்வார்கள்.

இதெல்லாம் பெரிய பெரிய விஷயம். வீட்டுக்குள் வந்தால் சின்னச் சின்னதாகி விடுகிறது. நாமத்தின் கீழே பாதம் உண்டா, இல்லையா? பூஜையில் மணி அடிக்கலாமா, கூடாதா? பெரியவர்களைச் சேவித்தால் ஒரு தடவையா, நாலு தடவையா? நான் புக்ககம் வந்த முதல் நாள் ஒரே ஒரு தடவை சேவித்து எழுந்து நிற்க, என் மாமியார் இன்னும் மூன்றுக்காகக் காத்துக் கொண்டிருந்தார்! கோவில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று சண்டை போட்ட கதையைக் கேட்டு ஊரே சிரிக்கும். ஆனால் காஞ்சிபுரத்தில் யார் முன்னால் நின்று ஓதுவது என்ற வழக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோர்ட்டு ஏறிய சங்கதி கதையல்ல.

எல்லாப் பேதமும் அற்பம் என்றும் நான் சொல்ல மாட்டேன். கணவனை இழந்த பெண்ணுக்குத் தலை மழிக்க வேண்டும் என்று வடகலையில் வைத்திருந்த நாளில், தென்கலையார் அது கூடாது என்றார்கள். அந்த ஒரு பேதத்தால் எத்தனை பெண்களின் தலைமுடி தப்பியது! இப்படிப்பட்ட இடத்தில் வாதாடாமல் இருந்தால்தான் தப்பு.

அன்று வீட்டுக்கு வந்து, நடந்ததை மாமியாரிடம் ஒப்பித்தேன். அவர் பெரிய படிப்பெல்லாம் படித்தவரில்லை. ஆனால் வருஷக்கணக்காகக் காலட்சேபம் கேட்டவர். "அந்த மாமி ஏன் அப்படிக் கேட்டாள்னு விசாரிச்சியோ?" என்றார். இல்லை என்றேன். "பூர்வபட்சம் சொல்லாம சித்தாந்தம் சொன்னியாக்கும்!" என்று சிரித்தார்.

பூர்வபட்சம் என்றால், எதிராளியின் கட்சியை முதலில் நாமே முழுசாக எடுத்துச் சொல்வது. அவரே கேட்டு, "ஆமாம், நான் நினைப்பது இதுதான்" என்று தலையாட்டுகிற மாதிரி சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் நம் பதில், அதாவது சித்தாந்தம். ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்தில்கூட எதிர்க் கட்சிதான் முதலில் நீளமாக வரும். நியாய சாஸ்திரத்தில் இதற்கு இன்னும் கணக்கு உண்டு என்றார் மாமியார். உண்மையைத் தெரிந்து கொள்ளப் பேசினால் அது வாதம். ஜெயிப்பதற்காகவே பேசினால் ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல், அடுத்தவர் சொல்வதைக் கிழிப்பதற்கென்றே பேசினால் விதண்டை. 'விதண்டாவாதம் பண்ணாதே' என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அந்த வார்த்தை இங்கிருந்து வந்ததுதான். எனக்கு அன்று எந்தக் கட்சியும் கிடையாது. நான் பண்ணியது மூன்றாவது ரகம்.

இந்தக் காலட்சேபத்தை அதோடு விடவில்லை அவர். பிள்ளை லோகாசாரியார் தென்கலைக்கு மூலபுருஷர் மாதிரி. தேசிகர் வடகலைக்கு. தேசிகர் 1268-இல் காஞ்சியை அடுத்த தூப்புலில் பிறந்தவர் என்பார்கள். அவர் வளர்ந்து வந்தபோது லோகாசாரியார் ஸ்ரீரங்கத்துப் பெரியவர். இருவரும் வாழ்ந்த நாளில் வடகலை, தென்கலை என்று இப்போது நாம் சொல்கிற கட்சிகள் ஏற்படவில்லை. எல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டிய சுவர். 1323-ஆம் வருஷத்து வாக்கில் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தின் மேல் வந்தபோது, தள்ளாத வயசில் லோகாசாரியார் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக் கொண்டு தெற்கே நடந்தார். வழியிலேயே, மதுரைப் பக்கத்தில் உயிரை விட்டார். தேசிகரோ ஸ்ரீபாஷ்யத்துக்கு எழுதிய ச்ருதப்பிரகாசிகை என்ற உரையையும், அதை எழுதியவரின் இரண்டு சிறு பிள்ளைகளையும் காப்பாற்றி மைசூர்ச் சீமைக்குக் கொண்டு போனார். பிணங்களுக்கு நடுவே படுத்து ஒளிந்தார் என்பார்கள். பெருமாள் ஸ்ரீரங்கம் திரும்பியது 1371-இல்தான். ஒருவர் பெருமாளைக் காப்பாற்ற, ஒருவர் புத்தகத்தைக் காப்பாற்ற, இரண்டும் இன்று நமக்கு இருக்கிறது.

தேசிகர் லோகாசாரியாரைப் புகழ்ந்து ஐம்பது சுலோகம் பாடினார் என்று தென்கலையார் சொல்வார்கள். அது அவர் பாடியதே இல்லை என்று வடகலையில் சொல்வார்கள். பார்த்தீர்களா, மரியாதையைப் பற்றிப் பேசப் போனால் அதிலேயும் ஒரு சண்டை!

ஆனால் ஒரு விஷயத்தில் இரு கலைக்கும் சண்டையே கிடையாது. அடியார்களை நோகப் பேசுவது, பாகவத அபசாரம், பெரிய பாவம். பகவானையே திட்டினாலும் பொறுப்பான், தன் அடியாரைத் திட்டினால் பொறுக்க மாட்டான் என்பார்கள். லோகாசாரியாரின் ஸ்ரீவசனபூஷணம் இதை மிகக் கடுமையாகவே சொல்கிறது. கூரத்தாழ்வான் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சோழ ராஜன் சபையில் அவர் கண்ணை இழக்கக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னால், வரதராஜனிடம் கண்ணைக் கேள் என்று ராமானுஜர் அனுப்ப, ஆழ்வான் போய், எனக்குக் கிடைக்கிற கதி நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தாராம்.

கண்ணைக் கெடுத்தவனுக்கே அப்படி. எனக்குத் தனியன் ஒன்றைக் கேட்ட மாமியைப் பொறுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கொஞ்சம் வெந்தயக்களி கிளறி எடுத்துக் கொண்டு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பால் கொடுக்கிறவளுக்கு ஆகும் என்று ஒரு சாக்கு. மாமி கதவைத் திறந்தார். 'வாங்கோ' என்றாரே தவிர முகம் கொடுக்கவில்லை. "அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றேன். 'ஆனால்' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சகோதரிகளே, மன்னிப்புக் கேட்கும்போது அந்த 'ஆனால்' மட்டும் வேண்டாம். விழுங்கி விட்டு, "ஏன் மாமி அப்படிக் கேட்டேள்?" என்றேன்.

வெகு நேரம் கழித்துச் சொன்னார். அவருக்கு எட்டு வயசு. ஒரு கோவிலில் கோஷ்டியில் நின்று அவர் அப்பா தேசிகர் தனியனை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். "உங்க அகத்துல போய்ச் சொல்லிக்கும், இங்கே வாயைத் திறக்காதேயும்" என்று எல்லார் எதிரிலும் அதட்டினார்களாம். தீர்த்தம்கூட வாங்காமல் பெண்ணின் கையைப் பிடித்துக் கொண்டு அப்பா வெளியே வந்து விட்டாராம். "அதையேதான் நீங்களும் சொன்னேள்" என்றார் மாமி.

எனக்குப் பேச்சே எழவில்லை.

உள்ளே மருமகள் குழந்தையைத் தூக்கிக் கொண்டு வந்தாள். அது அவள் தாலிச் சரட்டை ஒரு கையாலும் புடவைத் தலைப்பை ஒரு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது. அவளோ விழுந்து விடுமோ என்று இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். "மாமி, இவன் பிடிச்சிண்டிருக்கானா, நான் பிடிச்சிண்டிருக்கேனா? இவன் எந்தக் கலை?" என்றாள். மாமிக்கும் சிரிப்பு வந்து விட்டது.

அதற்கப்புறம் கூட்டத்தில் பேசி இரண்டு தனியனையும் சொல்வது என்று முடிவாயிற்று. ஒருநாள் இது முதலில், மறுநாள் அது முதலில். எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதினால் பொய். எங்களில் ஒருவர் நின்று விட்டார். அவர் கட்சியையும் நானே சொல்லி விடுகிறேன்: தனியன் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை இல்லை, இன்னாரை ஆசாரியராகக் கொண்டோம் என்ற அங்கீகாரம், ஆளுக்கு ஒன்று என்று கலந்தால் குருபரம்பரைக்கு என்ன அர்த்தம்? இது வாதம், விதண்டை இல்லை. எங்களிடம் இதற்குச் சரியான பதிலும் இல்லை. அவர் தம் வீட்டிலேயே சொல்லிக் கொள்கிறார், வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார், நாங்களும் அப்படித்தான்.

கூடாரவல்லி அன்று அக்காரவடிசில் மாமி வீட்டில். ஒரு ஆழாக்குப் பச்சரிசி, கைப்பிடி பயத்தம்பருப்பு, ஒன்றரைப் படி பால், வெல்லம் என்று நான் கணக்காகக் கொண்டு போனேன். மருமகள் குழந்தையை என் மடியில் போட்டு விட்டுக் கொஞ்சம் தூங்கப் போனாள். மாமி வெண்கலப் பானையைக் கிளறிக் கொண்டே எட்டிப் பார்த்து, "உங்க பக்கத்துக் கை கொஞ்சம் சிக்கனம்தான். நெய் போறாது" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் இன்னொரு கரண்டி விட்டேன்.