வேலை தருகிறவர் நம்மிடமே முற்பணம் கேட்பதா?

தீபாவளி முற்பணம் நமக்குத் தெரியும். நிர்வாகம் தொழிலாளிக்குக் கொடுக்கும்; பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். தொழிலாளி நிர்வாகத்துக்கு முற்பணம் கட்டி வேலை செய்த கதை எந்தத் தோட்டத்திலும் இல்லை. இப்போது கைத்தொலைபேசி வழியாக லயங்களுக்குள் வரும் "வீட்டிலிருந்தே வேலை" அதைத்தான் கேட்கிறது.

வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ செய்தி வரும். யூடியூப் வீடியோக்களுக்கு லைக் போடுங்கள், நாளுக்கு இவ்வளவு என்பார்கள். முதல் நாள் சில நூறு ரூபாய் உண்மையாகவே நம் கணக்குக்கு வந்துவிடும். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள். காசு கைக்கு வந்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? அடுத்தது "பெரிய வேலை". அதற்கு ஐயாயிரம் கட்ட வேண்டும். திரையில் எட்டாயிரம் என்று காட்டும். எடுக்கப் போனால் இன்னும் இருபதாயிரம், பிறகு வரி, பிறகு கணக்கைத் திறக்கக் கட்டணம். போட்ட காசை விட மனமில்லாமல் காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டுகிறோம். குழுவில் "எனக்குக் கிடைத்தது" என்று ரசீது போடுகிறவர்களும் அந்தக் கும்பல்தான்.

இதிலும் மோசமானது கணக்கை இரவல் கேட்பது. "உங்கள் கணக்குக்குப் பணம் வரும், வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்பார்கள். வருவது ஏமாந்த இன்னொருவரின் காசு. முறைப்பாடு போனால் பொலிஸார் முதலில் தேடி வருவது கணக்குக்குரியவரைத்தான். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் நம் பிள்ளைகளை நினைத்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. வங்கி அட்டை, ஓடிபி இலக்கம் இரண்டையும் எவருக்கும் கொடுக்கக் கூடாது.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர் என்று சிலர் ஏசுகிறார்கள். இதை நாம் ஏற்கவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆக எத்தனை வருடம் போராடினோம்! 2021இல்தான் அது வந்தது. 1350 ரூபாய்க்கு 2024 வரை காத்திருந்தோம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பெயர். கைப்பிள்ளையோடு வீட்டிலிருக்கும் தாய்க்கு உட்கார்ந்தபடி இரண்டாயிரம் என்றால் ஆசை வராதா? கொரோனா காலத்தில் பிள்ளையின் இணையவழி வகுப்புக்குக் கடன்பட்டு வாங்கிய போன்தான் பல வீடுகளில் இந்த வலைக்கும் வழி விட்டிருக்கிறது. ஏச்சுக்குப் பயந்து ஒரு வீடு வாயை மூடினால் அதே லயத்தில் அடுத்த வீடும் விழும். லிங்கை அனுப்பியவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பார், அவரும் ஏமாந்தவரே.

வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்குக் கூட்டிப்போய் மியன்மாரின் மியாவாடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கை இளைஞர்களும் உண்டு. எவரிடமும் கடவுச்சீட்டைக் கொடுக்குமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரியுங்கள்.

பணம் போய்விட்டதா? அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள், காசு போட்ட சிலிப்பை எறியாதீர்கள். இலங்கை சேர்ட்டின் 101க்கு அழைக்கலாம். பொலிஸ் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதிவிட்டு, வாசித்துக் காட்டாமல் கையொப்பம் கேட்டால் போடாதீர்கள். தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார்.