கடையில் வாங்குவதா, கையால் பின்னுவதா?

அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் கொடுக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றும் கொடுக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேயர்) வடக்கே திக்லிப்பூர் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பெருஞ்சாலையை விட்டுத் தோப்பு வழியில் இறங்கிவிட்டால், மழைக்காலத்தில் வண்டி சேற்றில் புதைவது எங்களுக்கு அன்றாட நிகழ்ச்சி. முன்னாளில் வனத்துறையின் யானைகள் சங்கிலி பூட்டி மரம் இழுத்த தீவுகள் இவை. இன்று ஒரு ஜீப் புதைந்தால் மற்றொரு ஜீப்தான் யானை. இரண்டு வண்டிகளையும் இணைப்பது ஓர் இழுவைப் பட்டை. அப்பட்டையை வண்டியோடு பூட்டுவது ஷேக்கிள். அந்த ஷேக்கிளைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். இதழில் எழுத வேறு பொருளா இல்லை என்று நண்பர்கள் நகைக்கலாம். படித்து முடித்தபின் நகைக்கட்டும்.

ஷேக்கிள் என்றால் நெடுங்காலமாக இரும்புதான். இலாட வடிவில் ஒரு வளையம், அதன் வாயை அடைக்க ஒரு திருகாணி. 19 மில்லிமீட்டர் இரும்பு ஷேக்கிள் ஒரு கிலோவுக்கு மேல் எடை உள்ளது. இழுக்கும்போது ஏதேனும் அறுந்தால், அந்த ஒரு கிலோ இரும்பு பீரங்கிக் குண்டு போலப் பறந்து வரும். ஆகவேதான், பாய்மரப் படகோட்டிகள் கையாண்ட கயிற்று ஷேக்கிள் இப்போது ஜீப்புக்காரர்களிடமும் பரவியிருக்கிறது. ஒரு முனையில் குமிழ் போன்ற முடிச்சு. மறுமுனையில் ஒரு கண்ணி. கண்ணியை விரித்து முடிச்சை நுழைத்துவிட்டால், இழுக்க இழுக்க அது முடிச்சின் கழுத்தை இறுக்கும். இழுப்பு நின்றதும் விரலால் தளர்த்தி எடுத்துவிடலாம். கைக்குள் அடங்கும், எடை மிகக் குறைவு, நீரில் விழுந்தாலும் மிதக்கும்.

அதன் நார் பாலிஎதிலீன் இனத்தது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்பனையாவது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பன்மடங்கு வலியது. ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. 150 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். கூரிய விளிம்பில் பட்டால் அறுபடும். இயல்பிலேயே வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நில்லாது.

சென்ற விடுமுறையில் திக்லிப்பூர்ப் பக்கம் என் மாமாவின் பாக்குத் தோப்புக்குச் சென்றிருந்தேன். பாக்கு மூட்டை ஏற்றிய வண்டி அச்சு வரை புதைந்தது. நான் பெருமையோடு என் பையிலிருந்து புத்தம் புதிய கயிற்று ஷேக்கிள் ஒன்றை எடுத்தேன். பணம் அனுப்பி வருவித்தது. உறையின்மேல் ‘14 டன்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதல் இழுப்பில் வண்டி அசைந்தது. இரண்டாம் இழுப்பில் ஷேக்கிள் அறுந்தது. பட்டை திரும்பி வந்து பானட்டில் அறைந்தது. நல்ல வேளையாக எவரும் குறுக்கே நிற்கவில்லை.

மாமா ஒன்றும் பேசவில்லை. உறையைக் கிழித்து, உள்ளிருந்த கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, வாளித் தண்ணீரில் போட்டார். அது மூழ்கிவிட்டது. “மாப்பிள்ளை, இது மிதக்க வேண்டிய கயிறு அல்லவா?” என்றார். அவர் சொன்னது சரி. அந்த நாரின் அடர்த்தி 0.97, தண்ணீரைவிடக் குறைவு. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதப்பதெல்லாம் நல்ல கயிறு என்று சொல்லிவிட முடியாது. மலிவான பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். ஆனால் மூழ்கியது நிச்சயமாகப் போலி. 14 டன் என்று அச்சிட்டவர் அது அறுபடும் எடையா, தாங்க வேண்டிய எடையா என்றுகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்தேன், நம்பினேன்.

மறுவாரம் மாமா, நகரிலுள்ள படகுச் சாமான் கடையில் 10 மில்லிமீட்டர்ப் பன்னிரு புரிப் பின்னல் கயிறு வாங்கி வந்தார். ஒரு ஷேக்கிளுக்கு இரண்டு முதல் இரண்டரை மீட்டர் வேண்டும். அந்தக் கயிறு உள்ளே வெற்றிடம் உடையது. முனை மழுங்கிய ஊசியால் ஒரு பாதியை மறு பாதியின் வயிற்றுக்குள் செலுத்தி, கண்ணி அமைத்து, எஞ்சிய இரு வால்களால் டயமண்ட் முடிச்சுப் போட வேண்டும். எங்கள் முதல் ஷேக்கிள் எப்படி இருந்தது தெரியுமா? பார்க்க அழகாக இருந்தது. இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்து நழுவியது. வால்களைக் குட்டையாக வெட்டிவிட்டோம். முடிச்சையும் கையால் இறுக்கியதோடு நின்றுவிட்டோம். வாலை நீளமாக விட்டு, முடிச்சைச் சிறிது சிறிதாகப் பளுவேற்றி இறுக்கிய பிறகே அது நின்றது.

ஆகவே வாங்கியதும் என்னை ஏமாற்றியது, செய்ததும் ஏமாற்றியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. செய்தது ஏன் கெட்டது என்று எனக்குத் தெரிந்தது. மறுமுறை திருத்த முடிந்தது. வாங்கியது ஏன் கெட்டது என்பதைக்கூட, செய்யத் தெரிந்த ஒருவர் தண்ணீரில் போட்டுக் காட்டிய பிறகே அறிந்தேன்.

இயந்திரவியல் பயிலும் என் நண்பர் இதை மறுக்கிறார். “கையால் பின்னியது அறுந்து ஒருவர் இறந்தால் பொறுப்பு யாருடையது? தொழிற்சாலைப் பொருளுக்குச் சோதனைச் சான்று உண்டே” என்கிறார். அவர் கேள்வி நேர்மையானது. நல்ல தொழிற்சாலையின் இரும்பு ஷேக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்கும். 19 மில்லிமீட்டருக்கு 4.75 டன் என்றால், அறுபடும் எடை அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அத்தகைய நம்பிக்கையை மாமாவின் முற்றத்தில் உண்டாக்க முடியாது. பிறர் உயிரைச் சுமக்கும் வண்டிகளுக்கும் மீட்புப் பணியாளருக்கும் முறைப்படி சோதித்த பொருளையே வாங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் நண்பர் ஒன்றை மறந்துவிடுகிறார். சான்று உள்ளதைத் தேடி வாங்குவோர் எத்தனை பேர்? அச்சிட்ட எண்ணைச் சான்றென்று எண்ணுவோரே மிகுதி. நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேனே! மேலும், எங்கள் தீவுகள் சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ளன. கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் ஓடுகிறது. நல்ல பொருள் வந்து சேரும்வரை சேறு காத்திராது. செய்யத் தெரியாத தீவு, கிடைத்ததை வாங்கும். கிடைத்ததை வாங்குபவனுக்கே போலி விற்பனையாகும்.

நாம் பின்னினாலும் நாரை நாம் செய்யவில்லை. அதுவும் வெளியிலிருந்து வருவதே. ஆகையால் இதைத் தற்சார்பு என்று கொடியேற்ற நான் முற்படவில்லை. நான் வேண்டுவது அறிவில் தற்சார்பு. பின்னக் கற்றவன், கடையில் வாங்கும்போதும் உறையை நீக்கிப் பார்ப்பான். முடிச்சின் வால் எவ்வளவு என்று பார்ப்பான். எண்ணின் பொருளைக் கேட்பான். கூரிய விளிம்புள்ள இரும்புத் தகட்டில் கயிற்றை மாட்டாமல் அங்கே இரும்பு ஷேக்கிளையே போடுவான். நார் பஞ்சாய்ப் பிரிந்ததும், வெட்டுப்பட்டதும் தயங்காமல் எறிந்துவிடுவான். கட்டுமரம் என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த மொழி நம்முடையது. கட்டுவதைக் கண்ணால் சோதித்துக் கட்டும் பழக்கம் நம் கரையோரத்தாருக்குப் புதிதன்று.

இதற்கு மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொறியியல் கல்லூரிகளில் இழுவிசைச் சோதனைப் பொறி இருக்கிறது. ஆண்டு முழுதும் அது இரும்புக் கம்பியை மட்டும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. ஒரே கயிற்றில் ஒரே கையால் ஐந்து ஷேக்கிள் பின்னுவோம். இரண்டை அப்பொறியில் அறுத்துப் பார்ப்போம். எங்கே அறுந்தது, எத்தனை டன்னில் அறுந்தது என்று எழுதி வைப்போம். கடையில் வாங்கியவற்றையும் அவ்வாறே அறுப்போம். அந்தக் கணக்கைத் தமிழிலும் இந்தியிலும் ஒரு தாளில் எழுதித் தோப்புக்காரரிடமும் வண்டியோட்டிகளிடமும் கொடுப்போம்.

மாமாவின் வண்டியில் இப்போது இரண்டு ஷேக்கிள்கள் உள்ளன. ஒன்று அவர் பின்னியது. பின்னிய நாளை ஒரு சீட்டில் எழுதிக் கட்டியிருக்கிறார். மற்றொன்று சான்றோடு வாங்கியது. எதை மாட்டினாலும் முதலில் எல்லாரையும் பட்டைக்கு எட்டாத தொலைவில் நிற்கச் சொல்கிறார். இரண்டையும் சோதித்தவர் அவர். இரண்டையும் முழுதாக நம்பாதவரும் அவரே. அந்த முறையைத்தான் நான் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.