செம்மறி தருவது கம்பளியா?

"ஆடு நமக்குப் பால் தருகிறது, இறைச்சி தருகிறது, கம்பளி தருகிறது" என்று சிறு வகுப்பிலே கட்டுரை எழுதாதவர் நம்முள் எவரும் இலர். அந்தக் கம்பளி நம் மாவட்டத்துச் செம்மறிக்குப் பொருந்தவே பொருந்தாது. மதுரைச் சாலையில் உள்ள வேம்பூரின் பெயரால் வழங்கும் வேம்பூர் ஆட்டுக்கு இருப்பது குட்டை முடி. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள், தொங்கும் காது, கிடாவுக்கு மட்டும் கொம்பு. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கன்னி ஆடோ வெள்ளாட்டினம். கறுப்பு முகத்தில் இரு வெள்ளைக் கோடுகள் ஓடினால் பால்கன்னி, செந்நிறமானால் செங்கன்னி.

முத்துக் கரையிலே வளர்ந்த நாம் மீனை வெறும் மீன் என்போமா? சீலா, சாளை, ஊளி, பாறை, விளமீன் என்று பெயர் சொல்லித்தானே வாங்குகிறோம்! கிறிஸ்மஸுக்குக் கறி எடுக்கும்போது மட்டும் எல்லாம் "ஆடு" ஆகிவிடுகிறது.

இறைச்சியைவிடப் பெரிய கொடையொன்று கரிசல் காட்டிலே நடக்கிறது. அறுவடை முடிந்த நிலத்தில் இரவுதோறும் மந்தையை அடைத்துக் கிடை போடுகிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே மண்ணில் விழுகின்றன. அள்ளவும் வேண்டாம், வண்டி கட்டிச் சுமக்கவும் வேண்டாம். மறுநாள் கிடை அடுத்த இடத்துக்கு நகரும். ஐப்பசி மழைக்கு முன் நிலம் முழுவதும் உரமேறிவிடும். நிலத்துக்காரர் கீதாரிக்குக் கூலி தருவார். முன்பு தானியம், இப்போது பணம். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் "கிடை" என்றே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். நம் பாடக் கட்டுரையில்தான் அதற்கு இடமில்லை.

மேய்ச்சல் நிலம் சுருங்கி வருகிறது. காற்றாலைகளும் சூரிய மின் பண்ணைகளும் வந்துவிட்டன. மின்சாரம் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆயினும் தரிசு என்று தாளில் எழுதப்படும் நிலம் கீதாரிக்குத் தரிசு அல்ல. அவர் மந்தையை விற்றுவிட்டால், நிலத்துக்காரர் கடையில் உர மூட்டை வாங்க வேண்டியதுதான். எடை கூடும் என்று வெளியூர்க் கிடாக்களைச் சேர்ப்பதாலும் வேம்பூர் இனம் கலப்பாகிறது.

எனவே, புஞ்சை வைத்திருக்கும் பெற்றோர்கள் இவ்வாண்டு ஒரு முறையேனும் கிடை போடச் சொல்லிப் பார்க்கட்டும். ஆண்டுதோறும் துறைமுகத்துக்கே எங்களை அழைத்துச் செல்லும் அருட்சகோதரிகள், அடுத்த சுற்றுலாவுக்கு வேம்பூர்ப் பக்கம் பேருந்தைத் திருப்பும்படி வேண்டுகிறோம். புழுக்கை நாற்றத்துக்கு நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம். கருவாட்டுச் சந்தை வழியே பள்ளிக்கு வருகிறவர்கள்தானே!