கோழியும் கோலும்

சித்தூர் மாவட்டம் பங்காருபாளையத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரரைக் கேட்டால், வெங்கீஸ் என்றால் குஞ்சு, தீவனம், தடுப்பூசி என்பார். அவர்களுக்கு இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்பும் உண்டு என்றால் சிரிப்பார். சந்தேகம் தீர அவர் கைபேசியில் விக்கிபீடியாவைத் திறந்தால் என்ன கிடைக்க வேண்டும்?

பிளாக்பர்ன் ரோவர்ஸ் 1875இல் தொடங்கிய கிளப். 1994-95இல் பிரீமியர் லீக் சாம்பியன். 2010 நவம்பரில் புனே வெங்கீஸ் குழுமம் அதை வாங்கியது. 2012 மே மாதம் விகானிடம் தோற்று, இரண்டாம் நிலைக்கு இறங்கியது. அன்று கிளப் கொடியைப் போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை யாரோ மைதானத்தில் விட்டார்கள். 2017இல் மூன்றாம் நிலை; மறு ஆண்டே மீட்சி.

இதை எழுதுவதில்தான் சிக்கல். ஆத்திரப்பட்ட ரசிகர் 'முதலாளிகள் கெடுத்தார்கள்' என்பார். தேசபக்தர் 'இந்தியாவின் பெருமை' என்பார். இரண்டும் கலைக்களஞ்சியத்துக்கு ஆகாது. ரசிகர்கள் எதிர்த்தார்கள் என்று எழுதலாம். எந்தப் பத்திரிகையில் வந்தது என்று சொல்ல வேண்டும். உரிமையாளர்கள் பல ஆண்டுகள் பணம் போட்டு நஷ்டத்தைத் தாங்கியதையும் அதே பத்தியில் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது பொய்யாகிவிடும்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது விக்கிபீடியாவின் பலம், பலவீனம் இரண்டும்தான். கோபத்தில் எழுதிய வரியை அடுத்தவர் அழித்துவிடுவார். சான்றோடு எழுதியதை அழிக்க, அதைவிட நல்ல சான்று வேண்டும்.

பண்ணைக்காரருக்குத் தேவை தீர்ப்பு அல்ல, முழுக் கதை. கோழி விட்டது நியாயமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.