நடக்காமலே பார்க்கும் மலை

ஆல்ப்ஸ் மலைக்குப் போவதென்றால் மலையேறத் தெரிந்தவர்கள்தான் போக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஏறுகிறவர்களுக்கென்றே அமைந்த ஊரில், ஏற முடியாத வயோதிகர்களைக் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் அது. பிள்ளைகள் காலையிலேயே தடியும் பையுமாகப் புறப்பட்டுவிடுவார்கள். தாயும் தகப்பனும் ஹோட்டல் ஜன்னலண்டை அமர்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆயுளில் ஒரு முறை செய்யும் பிரயாணம் இப்படியா கழிய வேண்டும்?

ஸீஸன் இல்லாத மாதங்களில் போனால் செலவு குறையும், கூட்டம் இராது என்று சொல்லுவார்கள். உண்மைதான். ஆல்ப்ஸில் குளிர்காலம் பனிச்சறுக்குக்காரர்களுடையது. கோடை காலம் நடைக்காரர்களுடையது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரையிலும், அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரையிலும் இரண்டு இடைவெளிகள் உண்டு. அறை வாடகை அப்போது இறங்கும். ஏன் இறங்குகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா? உயரத்திலுள்ள உல்லாச ஊர்கள் அந்த வாரங்களில் தூங்குகின்றன. ரோப் கார்களை நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். ஹோட்டல்காரர்களே விடுமுறையில் போய்விடுகிறார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் பாறை விளிம்பில், 1,638 மீட்டர் உயரத்திலிருக்கும் மியூரென் அழகான கிராமந்தான். ஆனால் நவம்பரில் அங்கே போகிற வயோதிகருக்குப் பூட்டிய கதவுகளே அதிகம் தென்படும்.

ஆகவே ஸீஸன் இல்லாத காலத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை போதும். வெளியூர்க்காரர் ஒருவர்கூட வராவிட்டாலும் அந்த ஊர் நடக்குமா? பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, ஆபீசுக்குப் போகிறவர்களின் ரயில் எல்லாம் உள்ள ஊராக இருந்தால் அது எந்த மாதத்திலும் விழித்திருக்கும். மலை உச்சியில் தங்க வேண்டியதில்லை. அடிவாரத்து ஊரில் தங்கி, ரயிலில் மலைக்குப் போய்த் திரும்புவதே வயதானவர்களுக்கு உசிதம்.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்விட்ஸர்லாந்தின் கிழக்கே, கிராபுண்டன் மாநிலத்தின் தலைநகரான கூர். சுமார் 590 மீட்டர் உயரந்தான், மூச்சு வாங்காது. பழைய ஊர்ப்பகுதி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. 1272-ல் புனிதப்படுத்தப்பட்ட தேவாலயம் ஒரு சிறு மேட்டின்மேல் இருக்கிறது; அந்த ஏற்றம் ஒன்றை மட்டும் நிதானமாக ஏற வேண்டும். மழை பெய்தால் பொழுதைப் போக்கக் கலைக்கூடமும் ராட்டியப் பொருட்காட்சிசாலையும் உண்டு. திங்கட்கிழமை இவை மூடியிருக்கும் என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். ரயிலில் கால் மணி நேரம் போனால் பாட் ரகாஸ் வருகிறது. அங்கே பூமியிலிருந்து 36.5 டிகிரி சூட்டில் ஊற்றுநீர் வருகிறது. வலிக்கிற முழங்காலுக்கு அதைவிட இதமானது வேறு எது?

கூரின் பெரிய பாக்கியம் அதன் ரயில்கள். இங்கிருந்து புறப்படும் மலைப் பாதை இத்தாலியின் எல்லை ஊரான டிரானோ வரை போகிறது. இதில் டூசிஸிலிருந்து டிரானோ வரையிலான பகுதியில் 55 குகைகளும் 196 பாலங்களும் இருக்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. லாண்ட்வாஸர் பாலம் 65 மீட்டர் உயரம். அதன் கடைசி வளைவிலிருந்து வண்டி நேரே குகைக்குள் நுழைகிறது. பாதையின் உச்சியான பெர்னினா கணவாய் 2,253 மீட்டர், ஏறக்குறைய உதகமண்டலத்தின் உயரம். நீலகிரி ரயிலின் பல்சக்கர முறையை அமைத்துக் கொடுத்தவர் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளர். பெர்னினா ரயிலோ பல்சக்கரம் இல்லாமலே ஏறிவிடுகிறது.

உல்லாசப் பிரயாணிகளுக்கான பெர்னினா எக்ஸ்பிரஸில் ஆசனம் பதிவு செய்தே தீரவேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன. நடுவில் வண்டி மாற வேண்டியிருக்கும். ஆனால் களைத்துப்போனால் எந்த நிலையத்திலும் இறங்கித் திரும்பிவிடலாம். வயோதிகருக்கு இந்தச் சுதந்திரம் பெரிய ஜன்னலைவிட மேலானது. டிரானோவுக்குப் போக மட்டும் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கே திரும்புவது வதை. ஓர் இரவு அங்கே தங்குவதே நல்லது.

அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் அரோஸா ரயில் இருக்கிறது. கூர் நிலையத்தின் வாசலிலிருந்து தெருவோடு தெருவாகப் புறப்பட்டு, ஒரு மணி நேரத்தில் 1,700 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். அரோஸா ஊர் மே மாதத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும் ரயில் தூங்குவதில்லை. தண்டவாள வேலைக்காகச் சில சமயம் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதுண்டு. கால அட்டவணையைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்வது விவேகம்.

மே மாதமா, நவம்பரா? மே மாதமே மேல். நவம்பர் நடுவில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மே மாதத்திலோ இரவு 8 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கீழே பள்ளத்தாக்கில் பச்சை, மேலே பனி. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

சிலர் இதற்கு ஆட்சேபம் சொல்லலாம். அவ்வளவு தூரம் போய் 3,454 மீட்டர் உயரமுள்ள யுங்ஃப்ரௌயோக்கைப் பார்க்காமல் வருவதா என்பார்கள். ஆசை நியாயமானதே. ஆனால் அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறது. இருதய நோயோ சுவாச நோயோ உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் ஏறுவது விளையாட்டல்ல.

ஐந்து நாள் பிரயாணத்தில் ஐந்து ஊர் பார்ப்பது பிள்ளைகளின் கணக்கு. ஒரே ஊரில் பெட்டியைப் பிரித்து வைத்து, நாளைக்கு ஒரு வண்டி, மத்தியானம் ஒரு தூக்கம் என்பது பெற்றோரின் கணக்கு. டிக்கட் வாங்குமுன் எந்தக் கணக்கு என்று அவர்களையே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், பாதி ஏற்பாடு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.