எந்தப் பனிக்கு?

"பனிக்கு எந்த ஸ்கீ நல்லது?" என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்தப் பனிக்கு? பெர்ன்ஹில்லில் ஜனவரி காலையில் புல்மேல் வெளுத்துக் கிடப்பது உறைபனி. குல்மார்க்கில் விழுவது பஞ்சுப் பனி. அதுவே பகலில் இளகி ராத்திரியில் இறுகினால், காலையில் சரிவு முழுக்கக் கண்ணாடி. எல்லாமே நமக்கு 'பனி'தான். ஏமாறுவது அங்கேதான் தொடங்குகிறது.

பஞ்சுப் பனியில் மிதக்க, நடுவில் 100 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கீ சரி. ஐஸில் அதன் விளிம்பு பாதத்தைவிட்டுத் தள்ளியே நிற்கும். சாய்த்துப் பிடிப்பதற்குள் வழுக்கிவிடும். "அப்போ விறைப்பான பந்தய ஸ்கீ வாங்கு" என்பது அடுத்த அபத்தம். ஐஸைக் கவ்வுவதற்கு முக்கியம் முறுக்கினால் அசையாத உறுதி. நீளவாக்கில் விறைப்பு வேறு சமாச்சாரம். ரெண்டையும் குழப்பி, விளையாட வந்தவன் காலில் பலகையைக் கட்டிவிடுகிறார்கள்.

விளிம்பால் கோடு கீறித் துள்ளித் திரும்பணுமா? நடு அகலம் 70 மில்லிமீட்டர் சுமார், திரும்பும் ஆரம் 12 முதல் 14 மீட்டர், நீளவாக்கில் நெகிழ்வு, முறுக்குக்கு உறுதி. அப்புறம் தீட்டிய விளிம்பு. அது மொண்ணையாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்தும் புண்ணியமில்லை. முதலில் ஒரு அரம் வாங்குங்கள்.